கடலில் ஓரம் ஏது? திரும்ப மறுக்கும் படகு மோட்டார்!

கிரீஸ் மறந்தால் உயிருக்கு உலை. காசிமேட்டு மெக்கானிக்குகளின் வைத்தியம்

சென்னை,

மாநகர பஸ்சில் ஸ்டியரிங் இறுகிவிட்டால் டிரைவர் என்ன செய்வார்? ஓரமாக நிறுத்துவார். பயணிகள் இறங்குவார்கள். கண்டக்டரைத் திட்டுவார்கள். அடுத்த பஸ்சைப் பிடிப்பார்கள்.

கடலில் ஓரம் ஏது?

பின்னால் ஆள் உயர அலை. முன்னால் கரை. நடுவில் படகு. கையில், திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மோட்டார். அந்த நேரத்தில் அடுத்த பஸ் வராது!

அவுட்போர்டு மோட்டார் கட்டி ஓடும் பைபர் படகுகளைப் பிடித்து ஆட்டும் நோய் இது. எஞ்சின் நன்றாக ஓடும். புரொப்பெல்லர் நன்றாகச் சுற்றும். ஆனால் திருப்பினால் மட்டும் கல்லு மாதிரி இருக்கும்.

நோய் பெரிது. மருந்து ஒரு டப்பா கிரீஸ்!

விவரம் வருமாறு:-

மோட்டாரே சுக்கான்

பெரிய விசைப்படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். சுக்கான் தனியாகத் தண்ணீருக்குள் இருக்கும். பைபர் படகில் அப்படி அல்ல. மோட்டார் படகின் பின்பலகையில் வெளியே தொங்குகிறது. தனிச் சுக்கான் கிடையாது. மோட்டாரையே இடமும் வலமும் திருப்ப வேண்டும். அதுதான் எஞ்சின், அதுதான் சுக்கான்.

திருப்புவதற்கு ஒரு நீளக் கைப்பிடி உண்டு. அதன் நுனியை ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர் போல முறுக்கினால் வேகம் கூடும். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். புதிதாகப் பிடிக்கிறவர் முதல் நாள் குழம்பித்தான் போவார்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் இந்த வகை மோட்டாரை 1909-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் சக்தி ஒன்றரை குதிரைத்திறன். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் தயாரிப்பு 2020-ல் நின்றுவிட்டது. 100 ஆண்டுகளில் எஞ்சின் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் மோட்டாரையே திருப்பிப் படகைத் திருப்பும் முறை மாறவில்லை.

தமிழகக் கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்தன. பைபர் படகுகள் பெருகின. அவற்றோடு சேர்ந்து மோட்டார் கோளாறுகளும் பெருகின.

உப்பு செய்யும் வேலை

மோட்டார் திரும்புவது ஒரு செங்குத்தான அச்சின் மேல். அந்த அச்சு ஒரு குழாய்க்குள் நிற்கிறது. அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே பிளாஸ்டிக் புஷ். அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் கிரீஸ்.

மோட்டாரின் கனம் முழுவதும் அந்த இடத்தில்தான் திரும்புகிறது. கிரீஸ் இருந்தால் ஒரு கையால் திருப்பலாம். இல்லாவிட்டால் இரண்டு கையும் போதாது.

கடல் தண்ணீர் அங்கே மெல்ல நுழைகிறது. வெயில் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. உப்பை விட்டுவிடுகிறது. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகு போல இறுகுகிறது. மணல் சேர்ந்தால் சிமெண்டு மாதிரிதான்.

இதைவிட மோசமான எதிரி ஒன்று உண்டு. வெள்ளைத்தூள்!

அச்சு இரும்பு இனம். வெளிக்கூடு அலுமினியம். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அலுமினியம் அரிக்கிறது. அரித்த அலுமினியம் வெள்ளைத்தூளாகிறது. அந்தத் தூளுக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். இடத்துக்காக அது புஷ்சை உள்பக்கம் நெருக்குகிறது. புஷ் அச்சைக் கவ்விப் பிடிக்கிறது. பாம்பு எலியைப் பிடிப்பது போல!

ஒரே நாளில் வருவது அல்ல இது. மாதக்கணக்கில் வருகிறது. தினமும் பிடிக்கிற கை அதற்குப் பழகிவிடுகிறது. அதுதான் ஆபத்து.

"இன்னா தம்பி, கல்லு மாதிரி கீது?" என்று மெக்கானிக் கேட்பார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்பார் படகுக்காரர்.

நேற்று நன்றாக இல்லை. நேற்று வரை அவர் கை தாங்கியது. அவ்வளவுதான்.

அலை உடையும் இடத்தில்...

ஆழ்கடலில் இந்தக் கோளாறு தெரியாது. நேராகப் போகும்போது யார் திருப்பப் போகிறார்கள்? கரைக்கு வரும்போதுதான் தெரியும்.

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் படகை மணலில்தான் ஏற்ற வேண்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பின்னால் வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கும். படகு குறுக்கே திரும்பப் பார்க்கும். அந்த நொடியில் கைப்பிடியை ஒரு தட்டு தட்டிப் படகை நேராக்க வேண்டும். தவறினால் அடுத்த அலை பக்கவாட்டில் மோதும். படகு கவிழும்.

எண்ணூர் முகத்துவாரத்திலும் இதே கதைதான். ஆறும் கடலும் மோதும் இடத்தில் நொடிக்கு நொடி திருப்ப வேண்டியிருக்கும்.

இறுகிய கைப்பிடி இன்னொரு துரோகமும் செய்யும். ஆள் முழுபலத்தோடு சாய்ந்து தள்ளுவார். அசையாது. இன்னும் தள்ளுவார். திடீரென்று விடும்! படகு ஒரே வெட்டாக வெட்டும். தள்ளியவர் தண்ணீரில் விழுவார். ஆள் இல்லாத படகு வட்டம் போட்டு அவர் மேலேயே திரும்பி வரலாம். புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்காகத்தான் மோட்டாரோடு ஒரு சுருள் கயிறு கொடுக்கிறார்கள். ஒரு முனை மோட்டாரில். மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ, லைப் ஜாக்கெட்டிலோ. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும். எஞ்சின் நின்றுவிடும்.

பல படகுகளில் அந்தக் கயிறு மோட்டாரிலேயே சுற்றிக் கிடக்கிறது. உயிர் காக்கும் கயிறு அழகுக்குத் தொங்குகிறது!

முதல் சோதனை: ஒரு திருகு

இறுகிய மோட்டாரைப் பார்த்ததும் நல்ல மெக்கானிக் சுத்தியலை எடுக்க மாட்டார். முதலில் ஒரு திருகைத் தேடுவார்.

பல மோட்டார்களில் திருப்பத்தின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகோ, சின்ன லீவரோ இருக்கும். நீண்ட தூரம் நேராக ஓட்டும்போது கை வலிக்காமல் இருக்க அதை இறுக்குவார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். அதைத் தளர்த்தினால் சில நேரம் அங்கேயே நோய் தீர்ந்துவிடும். செலவு பூஜ்யம்.

ஆனால் அதை முழுதாகத் தளர்த்தி ஓட்டவும் கூடாது. கையை எடுத்த நொடியில் மோட்டார் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி: எப்போது இறுகுகிறது?

படகு கட்டிக் கிடக்கும்போதே இறுக்கமா? அப்படியானால் கோளாறு அச்சில். ஓடும்போது மட்டும், அதுவும் ஒரே பக்கம் மட்டும் கனமா? அது துரு அல்ல. புரொப்பெல்லர் ஒரு பக்கமாகச் சுற்றும்போது மோட்டாரை ஒரு பக்கம் இழுக்கும். சில மோட்டார்களில் அதைச் சரிக்கட்ட புரொப்பெல்லருக்கு மேலே சின்ன வால் போன்ற தகடு இருக்கும். படகு இடப்பக்கம் சுலபமாகத் திரும்பினால் தகட்டின் பின்முனையை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். வலப்பக்கம் சுலபம் என்றால் வலப்பக்கம். ஒரு ஸ்பானர் வேலை.

இது தெரியாமல் அச்சைக் கழற்றிப் போட்டால் கூலி தண்டம்.

ராத்திரி முழுக்க ஊற வேண்டும்

கோளாறு அச்சில்தான் என்று உறுதியானால் வைத்தியம் ஆரம்பம்.

கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவார்கள். ஏறினால் நல்ல காலம். ஏறாவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. நிப்பிளைக் கழற்ற வேண்டும். துளையில் இறுகிக் கிடப்பதைக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெயை உள்ளே விட வேண்டும்.

பிறகு? சும்மா இருக்க வேண்டும்!

ராத்திரி முழுக்க அது ஊற வேண்டும். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். "காலைல கடலுக்குப் போணும்ணே, சீக்கிரம் முடி" என்பார்கள். கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நெம்புவார்கள். அச்சு அசையாது. கைப்பிடியைத் தாங்கும் அலுமினியம்தான் உடையும். கிரீஸ் செலவில் முடிய வேண்டியது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முடியும்.

காலையில் மோட்டாரைக் கையாலேயே மெல்ல அசைக்க வேண்டும். ஓர் அங்குலம் இப்படி. ஓர் அங்குலம் அப்படி. அசைய அசைய எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு புது நிப்பிள் போட்டு கிரீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டே இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்ப வேண்டும்.

முதலில் கறுப்பாக, கட்டி கட்டியாக வெளியே வரும். பிறகு பழுப்பாக வரும். கடைசியில் ஏற்றிய நிறத்திலேயே சுத்தமாக வரும். அது வரை நிறுத்தக்கூடாது.

இத்தனைக்கும் அசையாவிட்டால் வெள்ளைத்தூள் முற்றிவிட்டது என்று அர்த்தம். மோட்டாரைப் பிரிக்க வேண்டும். அச்சை வெளியே எடுக்க வேண்டும். தூளைச் சுரண்டி, புஷ் மாற்ற வேண்டும். இது கடற்கரை வேலை அல்ல. பட்டறை வேலை.

நெருப்பு வேண்டாம்!

சூடு காட்டினால் இறுக்கம் விடும் என்பது பழைய தந்திரம். உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் ஓடுகிறது. புஷ்சோ பிளாஸ்டிக். வெல்டிங் சுடரைக் காட்டினால் புஷ் உருகும். பெட்ரோல் ஆவி பிடித்தால் மோட்டாரும் படகும் போகும். வெந்நீர் ஊற்றிப் பார்க்கலாம். நெருப்பு கூடவே கூடாது.

மண்ணெண்ணெய் விட்டால் போதும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும். கூடவே மிச்சமுள்ள கிரீசையும் கழுவிவிடும். அன்று லேசாகத் திரும்பும். சில நாளில் முன்னைவிட மோசமாக இறுகும். ஸ்பிரே எண்ணெயும் அப்படித்தான். துருவை இளக்கும். அச்சைக் காக்காது.

லாரிக்குப் போடும் சாதாரண கிரீசும் உப்புத் தண்ணீரில் நெடுநாள் நிற்காது. தண்ணீரில் கழுவிப் போகாத மெரைன் கிரீஸ்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சக்கரம் வைத்த படகுகள்

சுற்றுலாப் படகுகள், ரோந்துப் படகுகள் சிலவற்றில் கார் போல ஸ்டியரிங் சக்கரம் இருக்கும். சக்கரத்திலிருந்து ஒரு தடித்த கேபிள் பின்னால் போகும். கேபிளின் முனையில் ஒரு ஸ்டீல் கம்பி. அது மோட்டாரைத் தூக்கி இறக்கும் கீலின் நடுவே உள்ள குழாய்க்குள் போய் வரும். கம்பியின் மறுமுனை ஓர் இணைப்புத் தண்டு வழியாக மோட்டாரைத் தள்ளும், இழுக்கும்.

இங்கே இறுகினால் குற்றவாளி யார்? மோட்டாரா, கேபிளா?

கண்டுபிடிக்க ஒரே வழி. எஞ்சினை நிறுத்தி இணைப்புத் தண்டைக் கழற்ற வேண்டும். மோட்டாரைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். சுலபமாகத் திரும்பினால் மோட்டார் நிரபராதி. சக்கரம், கேபிள், குழாய் ஆகிய மூன்றில் ஒன்று குற்றவாளி. மோட்டார் கையிலும் திரும்பாவிட்டால் கேபிளை மாற்றிப் பயன் இல்லை. முதலில் சொன்ன அச்சு வைத்தியம்தான்.

குழாயில் அழுக்கு என்றால் கம்பியை உருவ வேண்டும். பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற பிரஷ்சால் குழாயைத் தேய்க்க வேண்டும். புது கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். ஆனால் கேபிளின் மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் போயிருந்தால் வைத்தியமே கிடையாது. முனையில் எண்ணெய் விட்டால் அது உள்ளே போய்ச் சேராது. கேபிளை மாற்றத்தான் வேண்டும். வெட்டி ஒட்டுவது தற்கொலை.

இங்கே பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது.

கிரீஸ் ஏற்றும்போது அந்த ஸ்டீல் கம்பி முழுதும் கேபிள் உறைக்குள் இழுக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். கம்பி வெளியே நீண்டிருக்கும்போது கிரீசைத் திணித்தால், கம்பி திரும்பி வர இடம் இல்லாமல் கிரீசே பூட்டுப் போட்டுவிடும். ஸ்டியரிங் அடியோடு நின்றுவிடும். மோட்டார் கம்பெனிக் கையேடுகளே இதை எச்சரிக்கையாக அச்சிடுகின்றன.

மருந்தே விஷமாகும் இடம் அது!

இணைப்புத் தண்டின் நட்டுகளிலும் கவனம் வேண்டும். அவை அதிர்ச்சியில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தவை. கழற்றினால் புதுசு போட வேண்டும். கைக்குக் கிடைத்த சாதா நட்டைப் போட்டால் ஒருநாள் கழன்று கடலில் விழும். பிறகு சக்கரம் ஒரு பக்கம் சுற்றும். படகு ஒரு பக்கம் போகும்.

நகரவாசிக்கு என்ன சம்பந்தம்?

"நான் பாங்கியில் குமாஸ்தா. எனக்கும் படகு மோட்டாருக்கும் என்ன?" என்று கேட்கலாம்.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. மீனவர்கள் படகுகளோடு தெருவுக்கு வந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அதே காட்சி. காரப்பாக்கத்தில் நடிகர்கள் ஆமிர்கான், விஷ்ணு விஷால் ஆகியோரையே தீயணைப்பு மீட்புப் படையினர் படகில்தான் அழைத்து வந்தார்கள்.

கடலுக்குத் தினமும் போகும் மோட்டாருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தினமும் திரும்புவதால் அது முற்றிலும் இறுகாது. மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கும் மோட்டாருக்குத்தான் இந்த நோய் முற்றும். வெள்ளத்துக்கென்று வைத்திருக்கும் மோட்டார், வெள்ளம் வரும் வரை ஷெட்டில்தானே கிடக்கும்?

வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைக்க அப்போது நேரம் இருக்காது. மாடியில் குழந்தையோடு நிற்கிறவர் காத்திருக்க முடியாது.

படகு எத்தனை என்று கணக்கெடுப்பது மட்டும் போதாது. அவற்றில் எத்தனை மோட்டார் திரும்புகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது கரையேற்றி மராமத்து பார்த்துவிடுவார்கள். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் மோட்டாருக்கு ஓய்வும் இல்லை. வைத்தியத்துக்கு நேரத்தை உரிமையாளர்தான் ஒதுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:-

1. கரைக்கு வந்ததும் மோட்டாரின் கீல்களை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

2. வாரம் ஒருமுறை, ஓடாத மோட்டாராக இருந்தாலும், இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள்.

3. கையேட்டில் சொன்ன கால இடைவெளியில் எல்லா நிப்பிளுக்கும் மெரைன் கிரீஸ் ஏற்றுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடினால் இன்னும் சீக்கிரமாக ஏற்றுங்கள்.

4. சக்கரம் வைத்த படகில், கம்பியை உள்ளே இழுத்த பிறகே கிரீஸ் ஏற்றுங்கள்.

5. வேலை முடிந்ததும் படகைக் கட்டியபடியே இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகே கட்டை அவிழுங்கள்.

6. எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள்.

அத்தனைக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

எஞ்சின் ஓடுகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். இழுத்துப் பார்த்து, சத்தம் கேட்டு, புகை பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஓடுகிற எஞ்சின் ஆளைக் கடலுக்குக் கொண்டு போகும்.

திரும்புகிற மோட்டார்தான் வீட்டுக்குக் கொண்டு வரும்!